சாலையில் சொட்டும் மீன் தண்ணீரும் என் வண்டியின் ‘டக்’ சத்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அரியாங்குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார். கடலூரிலிருந்து விடியற்காலையில் வரும் மீன் வண்டிகள் சாலை நெடுகத் தண்ணீரைச் சொட்டவிட்டுப் போகின்றன, நாற்றம் தாங்கவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன ஒருவருடைய ஸ்கூட்டர் வளைவில் வழுக்கிவிட்டது, இந்த வண்டிகளைப் பிடித்து அபராதம் போட வேண்டும் என்று. அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவன் நான். அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதத்துக்கு மேலும் இருபதாயிரம் ரூபாய்க்கு மேலும் பிடித்தது. அதைச் சொன்னால் அபராதம் போடாமலேயே எங்களில் பாதிப் பேர் சொட்டவிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கடிதம் நீளும். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஓட்டை எங்கே இருந்தது என்று சொல்லும் இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

எனக்கு 53 வயது. இருப்பது கடலூர் முதுநகர். இருபது வருஷம் அடுத்தவர் லாரியில் ஸ்டியரிங் பிடித்துவிட்டு 2019இல் தவணைக்கு ஒரு பிக்கப் எடுத்தேன். பின்சக்கரம் தள்ளுகிற டீசல் வண்டி, நீளமான பாடி. ராத்திரி 2 மணிக்குத் துறைமுகத்தில் போய் நிற்பேன். சங்கரா, கவலை, கானாங்கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம் என்று பெட்டி பெட்டியாக ஐஸோடு ஏற்றிக்கொண்டு 4 மணிக்குக் கிளம்பினால், அண்ணா பாலம், ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, தவளக்குப்பம் தாண்டி வெளிச்சம் வருவதற்குள் புதுச்சேரி. பக்கத்து சீட்டில் என் மனைவி வருவாள். அவள் தன் கணக்கில் இரண்டு பெட்டி எடுத்து முதலியார்பேட்டைப் பக்கம் தெருவில் விற்றுவிட்டு மதியம் என்னோடு திரும்புவாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் பண்ருட்டிப் பலாப்பழம் ஓட்டுவேன். இந்தப் பலாப்பழம் பின்னால் கதைக்குள் வரும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு கரை புரண்டது இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் இரண்டு இடத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றினேன். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும், சத்தம் ஆரம்பித்தது.

முதலில் ஒரே ஒரு ‘டக்’. முதல் கியர் போட்டு கிளட்சை விடும்போது, பாடிக்கு அடியில் யாரோ சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியது போல. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு தட்டு. மாசி பிறந்ததும் அது ஓட்டத்திலும் வந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டுத் திரும்ப மிதித்தால் ‘டக்’. அப்புறம் கூடவே ‘கிறீச் கிறீச்’ என்று குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி மெதுவாகப் போனால் குருவி மெதுவாகக் கத்தும், வேகம் பிடித்தால் அதுவும் வேகம் பிடிக்கும்.

பெரிய ஒர்க்ஷாப் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். எது என்று எழுதமாட்டேன், அவர்களும் வேண்டுமென்றே ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. முதலில் கம்ப்யூட்டர் ஸ்கேனரை மாட்டினார்கள். தப்பு ஒன்றும் காட்டவில்லை. காட்டாதுதான். ஸ்கேனருக்குத் தெரிவது ஒயர் போகிற இடம் மட்டும், வண்டிக்கு அடியில் சுற்றுகிற இரும்புக்கு ஒயர் கிடையாது. வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்று நானே வாய் விட்டுச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டார்கள். “ஹவுசிங்கில் தண்ணீர் போயிருக்கும், கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டது, பேரிங்கோடு செட்டாக மாற்ற வேண்டும், 42 ஆயிரம் ஆகும்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஹவுசிங் என்பது பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிற இரும்புக் கூடு, கிரவுன் பினியன் அதற்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கிற பல் சக்கரங்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஓடிச் சூடேறிய பின் ஹவுசிங்கைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், மேலே இருக்கிற மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால் ஊற்றின காபி நிறத்துக்கு வந்துவிடும், பேரிங் போய்விடும். சரி, அப்படியானால் ஆயிலைப் பார்க்க வேண்டுமே? நான் கேட்டேன். “இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் ஹவுசிங்கின் பக்கத்து அடைப்பானைத் திறந்து சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. பாலும் இல்லை, விரலில் இரும்புத்தூளும் ஒட்டவில்லை. 42 ஆயிரத்தைச் சுண்டு விரல் காப்பாற்றியது.

அத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. லாரி செட்டில் ஒரு நண்பர் “கிளட்ச் பிளேட் ஸ்பிரிங் உடைந்தாலும் இதே சத்தம்தான்” என்றார். வேறொரு கடையில் விட்டு கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சும் கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரும் புதிதாகப் போட்டேன். 14,500 ரூபாய். ‘டக்’ அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் புதிதாகச் சேர்ந்தது. டேஷ்போர்டில் வைத்திருக்கும் சில்லறை கிலுகிலுவென்று ஆடும். நடுக்கத்துக்கு டயர் பேலன்ஸிங், அலைன்மென்ட், 1,800. சத்தத்துக்குப் பின்பட்டை ஸ்பிரிங்கின் புஷ், அந்தப் பட்டையை அச்சோடு கட்டிப்பிடிக்கிற யூ போல்ட், 4,200. இதில் யூ போல்ட் செலவை மட்டும் வீண் என்று சொல்லமாட்டேன். நட்டு ஒரு பக்கம் அரைச் சுற்று தளர்ந்துதான் இருந்தது. யூ போல்ட் தளர்ந்தால் கிளம்பும்போது அச்சு பட்டையின் மேல் முறுக்கிக்கொண்டு உட்காரும், அதுவும் ‘டக்’ என்றுதான் கேட்கும். முறுக்கியபின் சத்தம் கொஞ்சம் மெலிந்தது. மெலிந்ததே தவிரப் போகவில்லை.

ஏப்ரல் 15 வந்தது. படகுகள் கரையில். நான் பண்ருட்டிக்குப் போனேன். பலாப்பழம் ஏற்றிய முதல் நாளே குருவி காதைத் துளைத்தது. பலாப்பழப் பாரம் தாங்காமல்தான் கத்துகிறது என்று நான் முடிவு கட்டினேன். கணக்குப் பார்த்தால் மீன் பாரத்தை விடப் பலாப்பழப் பாரம் அதிகம் கிடையாது. ஆனாலும் மனசு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டால் தராசைப் பார்க்காது.

ஒரு நாள் பலாப்பழம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் மனைவி கூட இருந்தாள். வழியில் கோடை மழை. பத்து நிமிஷம் கொட்டியது. மழை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள்: “ஏங்க, குருவி எங்க போச்சு?” நான் அதைக் கவனிக்கவே இல்லை. நெல்லிக்குப்பம் தாண்டி ரோடு காய்ந்த இடம் வந்தது. ஒரு மூன்று கிலோமீட்டரில் திரும்பவும் கிறீச். அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். “மீன் ஏத்துற நாள்ல போகும்போது சத்தம் இருக்காது, காலிப் பெட்டியோட திரும்பி வரும்போதுதான் இருக்கும்னு ஆறு மாசமா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நனைஞ்சா வாயை மூடிக்குது, காஞ்சா கத்துது. அடியில எங்கயோ எண்ணெ இல்ல.”

ஆறு மாசம் இல்லை, நாலு மாசம்தான். அதை மட்டும் திருத்தினேன். மற்றதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதுநகரில் ஒரு பாய் இருக்கிறார். லாரி வேலை பார்த்தவர், இப்போது வயதாகி, தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மே மாதம் முடிகிற சமயம் அவரிடம் போனேன். அன்றைக்குக் காலையில்தான் பலாப் பிசின் போகவேண்டும் என்று பாடியைச் சோப்புப் போட்டு அலம்பியிருந்தேன்.

பாய் எதையும் கழற்றவில்லை. முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்தார். இன்ஜினை அணைத்துச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, உரச்சாக்கை விரித்துக் கீழே போய்ப் படுத்தார். என்னையும் வரச்சொன்னார்.

படிக்கிறவர்களுக்காக அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால், சேஸோடு அசையாமல் இருக்கின்றன. தள்ளுகிற சக்கரம் பின்னால், பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே வருகிறது. இரண்டையும் சேர்ப்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்கிற நீளக் குழாய். என் வண்டி நீளம் என்பதால் அது இரண்டு துண்டு. நடுவில் சென்டர் பேரிங் தாங்குகிறது. பின்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆடும்போது ஷாஃப்டின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா, அப்படி மடங்கியபடியே சுற்றுவதற்காக மூன்று இடத்தில் கிராஸ் இருக்கிறது. கிராஸ் என்றால் பெயருக்கேற்றபடி சிலுவைதான், உள்ளங்கையில் அடங்கும். நாலு கால். ஒவ்வொரு காலுக்கும் ஒரு கப். கப்புக்குள் ஊதுபத்திக் குச்சி மொத்தத்தில் ஊசி ஊசியாக பேரிங் வரிசை. அந்த ஊசிகள் கிரீஸில் மிதக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இந்த ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். வண்டி தள்ளுகிற பலம் மொத்தமும் இந்தச் சின்னச் சிலுவைகள் வழியாகத்தான் போகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும், விட்டால் சக்கரம் இன்ஜினைத் தள்ளும். கப்புக்குள் இடைவெளி விழுந்துவிட்டால், தள்ளுகிற பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் இரும்பு அந்த இடைவெளியைத் தாண்டிப்போய் மோதும். ‘டக்’.

பாய் முதலில் கியர் பாக்ஸ் பக்கத்துக் கிராஸைப் பிடித்தார். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, துணி பிழிகிற மாதிரி எதிரெதிராக முறுக்கினார். கல் மாதிரி இருந்தது. அடுத்தது சென்டர் பேரிங்கை ஒட்டிப் பின்னால் இருக்கிற கிராஸ். முறுக்கியதும் முன்பக்கம் அசைந்தது, பின்பக்கம் ஒரு நொடி யோசித்துவிட்டு அப்புறம்தான் அசைந்தது. ‘டக்’. நாலு மாதத்துக்கு மேலாக என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம், ஒரு மனுஷனுடைய இரண்டு கைக்குள் கேட்டது. “இதுதானே?” என்றார். “கையைக் கொடு.” என் விரலைப் பிடித்து அந்த இணைப்பின் மேல் வைத்து மறுபடி முறுக்கினார். சத்தத்தை விரலில் தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கப்பைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவப்பாகப் படிந்திருந்தது. அதை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ரோட்டுப் புழுதி என்று நினைத்தேன். அது புழுதி இல்லை, உள்ளே ஊசிகள் துருப்பிடித்து அரைபட்டு வெளியே கக்கிய பொடி. கடைசியாக ஹவுசிங் பக்கத்துக் கிராஸ். அதுவும் கல் மாதிரி. பினியன் பிளேஞ்சைப் பிடித்து ஆட்டினார், கிரவுன் பற்களின் வழக்கமான இடைவெளிதான், அதற்குமேல் ஆட்டம் இல்லை. மூன்று கிராஸும் கம்பெனியிலிருந்து வந்தவை, ஒரே வயது, ஒரே ஓட்டம். இரண்டு புதுசு மாதிரி, நடுவிலிருப்பது மட்டும் செத்துப்போயிருக்கிறது.

அதற்குமேல்தான் ஸ்பேனரை எடுத்தார். கழற்றுவதற்கு முன் சாக்பீஸால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போடப் போனவர் நின்றுவிட்டார். ஷாஃப்டின் ஸ்பிளைன், அதாவது பல் வெட்டிய முனை, சொருகிச் சேரும் இடத்தில் கம்பெனியே இரண்டு அம்புக்குறி அடித்திருக்கும், அவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒன்று என்னைப் பார்த்தது, மற்றது எங்கேயோ பார்த்தது. “இதைக் கழற்றினது யாரு?” கிளட்ச் மாற்றியபோது கழற்றிய ஷாஃப்டைப் பல் தள்ளிச் சொருகியிருக்கிறார்கள். 50இல் வந்த நடுக்கத்துக்குக் காரணம் அதுதான், டயர் இல்லை. கிராஸ் மடங்கிய நிலையில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாதாம். ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனையிலும் நுகம் மாதிரி இருக்கிற யோக் ஒரே வாட்டத்தில் இருந்தால்தான் ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறு முனை சரிக்கட்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மச்சான் மகன் இதைக் கேட்டுவிட்டு, “மாமா, இது எங்க பாடத்துலயே இருக்கு, ஹூக் ஜாயின்ட்” என்றான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த ராபர்ட் ஹூக் பெயராம். முன்னூறு வருஷத்துக்கு மேல் பழைய சங்கதி, 14,500 ரூபாய் வாங்கின கடையில் தெரியவில்லை.

கிராஸ் வெளியே வந்தது. லாக்கை எடுத்துக் கப்பைத் தட்டியபோது இரண்டு கப்பிலிருந்து பழைய கிரீஸ் கறுப்பாக வழிந்தது. மற்ற இரண்டிலிருந்தும் காபிப்பொடி மாதிரி துருதான் கொட்டியது, ஊசிகள் பாதி காணோம். சிலுவையின் அந்தக் கால்களில் நகத்தால் வரிவரியாகக் கீறியது போல் ஊசிகள் பதிந்த கோடு. பாய் அதில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார், நகம் ஒவ்வொரு வரியிலும் தடுக்கிற்று.

“நடுவுல இருக்கிறது மட்டும் ஏன் போச்சு?” என்று கேட்டேன். பாய் பதில் சொல்லவில்லை, படுத்தவாறே மேலே பார்த்தார். அப்போது அவர் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்து முகர்ந்து பார்த்தார். “பலாப்பழம்” என்றார்.

காலையில் அலம்பிய தண்ணீர். பாடியின் தரையில், தண்ணீர் வடியட்டும் என்று பாடி கட்டியவர் போட்ட ஓட்டை. தரையின் நடுவில்தான் கொஞ்சம் பள்ளம் இருக்கிறது, தண்ணீர் அங்கேதான் சேரும் என்று சரியாகக் கணக்குப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறார். அதற்கு நேர் கீழே என்ன சுற்றுகிறது என்று அவர் பார்க்கவில்லை, ஐந்தரை வருஷம் அந்த வண்டியை ஓட்டிய நானும் பார்க்கவில்லை. ஒவ்வொரு நடையும் மீன் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ஒழுகி, அந்த ஒரு கிராஸின் மேல் விழுந்துகொண்டே வந்திருக்கிறது. ஐஸ் நல்ல தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் துறைமுகத்தில் மீனை நாங்கள் கடல் தண்ணீரில் அலசித்தான் பெட்டியில் போடுகிறோம். வடிவது உப்புத் தண்ணீர், மீனின் சளியும் ரத்தமும் சேர்ந்தது. கப்பின் வாயில் இருக்கிற சின்ன ரப்பர் சீல் மழைக்குத் தாங்கும், வருஷக்கணக்கில் தினமும் விழும் உப்புத் தண்ணீருக்குத் தாங்காது. கிரீஸ் கரைந்தது, துரு பிடித்தது. ஈரமாக இருக்கும் வரை தண்ணீரே எண்ணெய் மாதிரி குருவியின் வாயை மூடி வைத்தது. என் மனைவி சொன்னது இதைத்தான்.

புது கிராஸ் 750 ரூபாய். பாய் கூலி 600. அம்புக்குறி நேருக்கு நேர் வைத்து மாட்டினார். வெளியே எடுத்து ஓட்டினேன். முதல் கியர், இரண்டாம் கியர், விட்டு மிதித்து, விட்டு மிதித்து, பிறகு 60 வரை. டேஷ்போர்டில் சில்லறை ஆடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் புதுச்சத்திரம் வரை சும்மா போய்த் திரும்பினேன், டீசலைப் பற்றிக் கவலைப்படாமல்.

என்னைப் போன்ற வண்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை. எல்லா ‘டக்’கும் கிராஸ் கிடையாது. வளைவில் திரும்பும்போது மட்டும் கடகட என்றால் டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்கையில் ஒரு சுதியிலும் விட்டால் வேறு சுதியிலும் ஹம் என்று ஊதினால் அது பினியன் சமாச்சாரம், அப்போது 42 ஆயிரத்தைப் பற்றிப் பேசலாம். நின்று கிளம்பும்போது ஒரே ஒரு தட்டு, கிராஸில் ஆட்டமும் இல்லை என்றால் ஸ்பிளைனுக்குக் கிரீஸ் வைத்துப் பாருங்கள், யூ போல்ட்டை முறுக்கிப் பாருங்கள், இரண்டும் காசில்லாத வேலை. கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், நாலு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால், போகப்போகிறது அந்தக் கால்தான். மீன் வண்டிக்கு மாதம் ஒரு தடவை போதாது, நான் இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அடியை நல்ல தண்ணீரில் அலம்பிவிட்டு அடிக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டோ தடித்த மரக்கட்டையோ கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது லுங்கியோடு ஷாஃப்ட் பக்கம் போகவே போகாதீர்கள். லாரி ஓட்டின காலத்தில் ஷாஃப்டில் லுங்கி சுற்றியதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். அரியாங்குப்பத்து ஐயாவிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஓட்டைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் இருந்தது. துறைமுகத்தில் அதை மாட்டியிருப்பேன். கன்னியக்கோவில் தாண்டியதும் நிறுத்தி உருவிவிடுவேன். பாரம் குறையும், இறக்கும் இடத்தில் சேறாகாது என்று எல்லோரும் செய்வதுதான். அவர் எழுதிய அந்த வளைவில் கிடந்த தண்ணீர் என் வண்டியுடையதாகக்கூட இருக்கலாம்.

பாயிடமிருந்து வந்த மறுநாளே வெல்டிங் கடைக்குப் போய் அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். தரையின் வாட்டத்தைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, இடது மூலையில், பின்சக்கரத்துக்கும் பின்னால் புது வாய் வைத்தேன். அதில் ஒன்றரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய், ஒரு வால்வு, அதற்குக் கீழே இரும்புச் சட்டத்தில் 25 லிட்டர் கேன் இரண்டு. எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். ஜூன் 15 முதல் மீன் ஏற்றினேன். முதல் நாள் புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது ஒரு கேன் நிறைந்து இரண்டாவது பாதிக்கு மேல் இருந்தது. ஏறக்குறைய 40 லிட்டர், மூன்று குடம் வரும். ஒரு வண்டி, ஒரு நடை. அதே சாலையில் விடியற்காலையில் எத்தனை மீன் வண்டி போகிறது என்று நான் எண்ணியதில்லை. நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு ஒரு புதுச் சங்கடம். நிறைந்த கேனை எங்கே கொட்டுவது? கொட்ட இடம் இருந்தால் ஓட்டுநர்கள் வழியில் உருவிவிடமாட்டார்கள். மீன் இறக்கும் மார்க்கெட் பக்கத்திலும் துறைமுகத்திலும் வண்டி நின்று இந்தத் தண்ணீரை விட ஒரு சாக்கடை வாயும், அடியை அலம்ப ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்தால் போதும். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் இதைப் படித்தால் யோசிக்க வேண்டும். பாடி கட்டுகிறவர்களும் வடிகால் ஓட்டையைப் போடுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். அபராதம் போடுவதானால் போடுங்கள், என்னிடம் ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் நாற்றத்தைச் சொல்வதை விட, நாற்பத்திரண்டாயிரத்தைச் சொன்னால் சீக்கிரம் காதில் ஏறும். நான் சொன்னபின் துறைமுகத்தில் மூன்று பேர் சாக்கை விரித்துத் தங்கள் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார்கள். இரண்டு வண்டியில் ஓட்டை அதே இடம். ஒன்றில் சிவப்புப் பொடியும் இருந்தது.

அரியாங்குப்பத்து ஐயா விடியற்காலையில் சாலையில் நிற்பவராக இருந்தால், பின்பக்க இடது மூலையில் இரண்டு நீலக் கேன் தொங்கும் பிக்கப் என்னுடையது. ஐந்து மணி சுமாருக்கு உங்கள் ஊரைத் தாண்டும். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கையைக் காட்டுங்கள், நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
மீன் வண்டி ஓட்டுநர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.